கதவைத் தட்டியவர் யார் என்று கேட்காத ஊர்

"அயலான்" என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. அடுத்த வீட்டில் குடியிருப்பவனும் அயலான்தான். எங்கிருந்தோ வந்த, ஊர் பேர் தெரியாதவனும் அயலான்தான். பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களுக்கு இந்த இரண்டு பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. யாரோ ஒருவர் ஒரு குடம் தண்ணீரோ, ஒரு வேளைச் சோறோ, வாடகைக்கு ஓர் அறையோ கொடுத்த பிறகுதான் ஊர் பேர் தெரியாத அயலான், அடுத்த வீட்டு அயலானாக மாறுகிறான்.

கிறிஸ்தவ வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, நேசிக்கப்பட வேண்டியவனைக் குறிக்கப் "பிறன்" என்ற சொல்லை ஆளுகிறது. பிறன் என்றால் தன்னைச் சேராதவன். தன் வீட்டானையும், தன் சாதியானையும், தன் மொழிக்காரனையும் நேசிக்க வேதம் தேவையில்லை. அது தானாகவே வரும். பிறனை நேசிப்பதுதான் கடினம். அதிலும், அவனுக்கு இடம் கொடுத்தால் தன் தலை போகும் என்ற நிலையில் அது எத்தனை பேருக்குச் சாத்தியம்?

இந்தக் கேள்விக்கு ஒரு ஊரே சேர்ந்து விடை சொன்னது உண்டு. பிரான்சு நாட்டில் லெ ஷாம்போன் என்ற சிற்றூர் அது. காலம், இரண்டாம் உலகப் போர். அந்த ஊரின் பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மே. அவர் பிரசங்கத்தில் சொன்னதும் ஊரார் வீட்டில் செய்ததும் ஒன்றாக இருந்தன என்பதே அவ்வூரின் சிறப்பு.

பகைவன் நீட்டிய ரொட்டி

த்ரோக்மே 1901-ஆம் ஆண்டு பிரான்சின் வடபகுதியில் உள்ள சேன்-காந்தேன் என்ற நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஜெர்மானியர். சிறுவனாக இருக்கும்போதே தாய் இறந்து விட்டார். முதல் உலகப் போரில் அந்த நகரை ஜெர்மன் படைகள் பிடித்துக் கொண்டன. தாயின் நாட்டுப் படை தந்தையின் நாட்டை மிதிப்பதைப் பையன் பார்த்தான்.

அந்நாளில் ஒரு ஜெர்மன் சிப்பாய் அவனிடம் ரொட்டி நீட்டினான். பசி இருந்தும், பகைவன் கையால் வாங்க மாட்டேன் என்று பையன் மறுத்து விட்டான். அந்தச் சிப்பாயோ, தான் யாரையும் கொல்வதில்லை என்று தீர்மானம் செய்திருப்பதாகவும், ஆயுதம் இல்லாமலே பணியாற்றுவதாகவும் சொன்னான். பகைவன் என்ற சீருடைக்குள்ளும் ஒரு மனிதன் இருக்கிறான் என்ற பாடத்தை த்ரோக்மே வேதக் கல்லூரிக்குப் போகும் முன்பே கற்றுக் கொண்டார்.

பின்னர் பாரிசிலும் நியூயார்க்கிலும் வேதம் பயின்றார். நியூயார்க்கில் இத்தாலியில் பிறந்த மக்டா என்ற பெண்ணைச் சந்தித்து 1926-இல் மணந்தார். வட பிரான்சில் தொழிலாளர் நிறைந்த ஊர்களில் சில ஆண்டுகள் ஊழியம் செய்தார். போர் செய்வது கிறிஸ்தவனுக்கு ஆகாது என்ற அவருடைய கொள்கை சபைத் தலைவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 1934-இல் அவர் லெ ஷாம்போனுக்கு வந்து சேர்ந்தார்.

பட்டவர்களின் ஊர்

லெ ஷாம்போன் மலை மேல் உள்ள ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 மீட்டர் உயரம். குளிர்காலம் நீண்டது, பனி வழியை மூடிவிடும். கல் வீடுகள், மாட்டுத் தொழுவங்கள், சுற்றிலும் காடு. கோடையில் நகரத்தார் காற்று வாங்க வருவார்கள். அதனால் ஊரில் விடுதிகள் உண்டு. இதைத் தவிர அங்கே பெரிய வளம் ஒன்றும் கிடையாது.

ஆனால் அந்த மக்களுக்கு ஒரு நினைவு இருந்தது. கத்தோலிக்கர் மிகுந்த பிரான்சில் அவர்கள் சிறுபான்மையினரான புராட்டஸ்டண்டுகள். 1598-இல் ஒரு மன்னர் அவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் தந்தார். 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் அதைப் பறித்துக் கொண்டார். அதன் பின் பாதிரிமார்கள் தூக்கிலிடப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். மக்கள் காட்டுக்குள் ஒளிந்து வழிபட்டார்கள். துரத்தப்படுவது என்றால் என்ன என்பதை அவ்வூர்க் குழந்தைகள் பாட்டி சொல்லும் கதையிலேயே கேட்டு வளர்ந்தார்கள்.

பட்டவர்கள் எல்லோரும் பிறர் துன்பத்துக்கு இரங்குவார்கள் என்று சொல்ல முடியாது. தான் பட்டதைப் பிறனும் படட்டும் என்று இருப்பவர்களும் உலகில் உண்டு. பழைய காயத்தை வன்மமாக்காமல் பரிவாக மாற்ற ஒருவர் தேவை. அந்த வேலையைத்தான் த்ரோக்மே செய்தார்.

அவர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. ஊரின் பல பகுதிகளுக்கும் சேர்த்து பதின்மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவர்களோடு உட்கார்ந்து வேதத்தில் ஒரு பகுதியைப் படித்து விவாதிப்பார். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் அதைப் பற்றிச் சிறு கூட்டம் நடத்துவார்கள். 1938-இல் எதுவார் தெயிஸ் என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து ஒரு பள்ளியும் தொடங்கினார். போர் வருவதற்கு முன்பே ஊரில் ஒருவரையொருவர் நம்பிப் பேசும் பழக்கம் வேரூன்றி விட்டது. பின்னால் செய்தி பரவியது இந்த வழியில்தான்.

தோல்விக்கு மறுநாள்

1940 ஜூன் 22-ஆம் தேதி பிரான்சு ஜெர்மனியிடம் தோற்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. முதிய தளபதி பெத்தேன் தலைமையில் விஷி என்ற ஊரில் ஹிட்லருக்கு இணங்கிப் போகும் அரசு அமைந்தது. தளபதி காப்பாற்றுவார் என்று நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டுக் கொண்டிருந்த நேரம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லெ ஷாம்போன் கோயிலில் த்ரோக்மேயும் தெயிசும் பேசினார்கள். மனச்சாட்சிக்கு விரோதமான கட்டளை வந்தால் கீழ்ப்படியக் கூடாது, எதிர்க்க வேண்டும், ஆனால் எதிர்ப்பவனைப் பகைக்கக் கூடாது, ஆவியின் ஆயுதங்களைக் கொண்டே எதிர்க்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அந்தக் கோயில் வாசலுக்கு மேலே, ஒருவரையொருவர் நேசிக்கும்படி சொல்லும் வாசகம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நல்ல வாசகம் பொறிக்காத கோயில் எது? அதை எடுத்து வீட்டுக்குள் கொண்டு போவதில்தான் வேறுபாடு.

சமையலறையில் கருகிய செருப்பு

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு நாள் மாலை. பாதிரியார் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். மக்டா திறந்தார். உடம்பெல்லாம் பனி படிந்து, பயந்து நின்றாள் ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து ஓடி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டாள். வா என்றார் மக்டா. அதற்கு மேல் ஆலோசனை ஏதும் நடக்கவில்லை.

நனைந்த செருப்பைக் கழற்றி அடுப்பருகே காய வைத்தார்கள். பேச்சு மும்முரத்தில் கவனிக்காமல் விட, அது கருகிப் போயிற்று. போர்க்காலத்தில் செருப்பு கிடைப்பது அரிது. வேறு ஒரு ஜோடிக்காக மக்டா ஊரில் அலைந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஏதாவது அடையாளச் சீட்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று மக்டா ஊர் மேயரிடம் போனார். மேயர் கொதித்தெழுந்தார். ஒரு அந்நியப் பெண்ணுக்காக ஊரையே ஆபத்தில் தள்ளுவதா, உடனே அனுப்பி விடுங்கள் என்றார்.

மேயரைக் கெட்டவர் என்று தள்ளி விடுவது எளிது. ஆனால் அவர் சொன்னது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் கேட்கும் பேச்சுத்தான். முதலில் நம் ஆட்கள், பிறகுதான் மற்றவர் என்பது நியாயமான பேச்சாகவே காதில் விழும். ஊர்ப் பொறுப்பில் இருப்பவர் ஊரின் பாதுகாப்பை நினைக்கத்தானே வேண்டும்? அந்தப் பெண்ணை அதற்கு மேல் அங்கே வைத்திருக்க முடியவில்லை. அவளை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இனி அரசாங்க அலுவலகத்தில் போய்க் கேட்கக் கூடாது என்ற பாடத்தை மக்டா கற்றுக் கொண்டார். அடுத்தடுத்து வந்தவர்கள் யாரும் அப்படி அனுப்பப்படவில்லை.

யூதர் யார்?

தென் பிரான்சில் விஷி அரசு பல அகதி முகாம்களை வைத்திருந்தது. அங்கே சென்று தொண்டு செய்ய விரும்பினார் த்ரோக்மே. மர்சேய் நகரில் இருந்த குவேக்கர் சங்கத்து அமெரிக்கத் தொண்டர் பர்ன்ஸ் சாமர்ஸைச் சந்தித்தார். முகாமில் வேலை செய்ய எங்களிடம் ஆள் இருக்கிறது, முகாமிலிருந்து வெளியே எடுக்கும் குழந்தைகளை வைத்துக் கொள்ளத்தான் ஊர் இல்லை என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். த்ரோக்மே தம் ஊருக்குத் திரும்பி, சபையாரிடம் விஷயத்தை வைத்தார். சபை ஒப்புக் கொண்டது.

குவேக்கர்கள், சுவிட்சர்லாந்து உதவிச் சங்கத்தார் முதலியோர் செலவில் ஊரைச் சுற்றிக் குழந்தைகள் இல்லங்கள் தோன்றின. மற்றவர்கள் விடுதிகளிலும், பண்ணை வீடுகளிலும், தொழுவத்துப் பரண்களிலும் தங்கினார்கள். பெயர் மாற்றிய அடையாளச் சீட்டுகள் இரகசியமாகத் தயாராயின. நாளைக்கு இத்தனை "பழைய ஏற்பாடு" அனுப்புகிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்களாம். பழைய ஏற்பாடு என்றால் யூதர் என்று பொருள். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. தெரியாததைச் சொல்லும்படி யாரையும் வதைக்க முடியாதல்லவா?

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசில் பிரெஞ்சுப் போலீசாரே சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அடுத்த மாதம் விஷி அரசின் இளைஞர் துறைத் தலைவர் லாமிரான் லெ ஷாம்போனுக்கு விஜயம் செய்தார். மாலை மரியாதை தடபுடலாக இல்லை. அதற்குப் பதிலாக, மூத்த மாணவர்கள் ஒரு கடிதத்தை அவர் கையில் கொடுத்தார்கள். பாரிசில் நடந்ததைக் கண்டித்து, எங்களிடையே யூதர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் காட்டிக் கொடுக்க மாட்டோம் என்று அதில் எழுதியிருந்தது.

உடன் வந்த மாவட்ட அதிகாரி சினந்து த்ரோக்மேயை மிரட்டினார். யூதர் என்று ஒரு வகை எங்களுக்குத் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்ற கருத்தில் பாதிரியார் விடையளித்தார்.

சில நாட்களில் போலீசார் பஸ்களோடு வந்து இறங்கினார்கள். யூதர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார்கள். தம்மிடம் பட்டியல் இல்லை, இருந்தாலும் தர மாட்டேன், இந்த மக்கள் அடைக்கலம் தேடி வந்தவர்கள், நான் அவர்களுக்கு மேய்ப்பன் என்றார் த்ரோக்மே. போலீசார் வீடு வீடாகத் தேடினார்கள். தேட வேண்டியவர்கள் எல்லோரும் காட்டுக்குள் இருந்தார்கள். பல நாட்கள் தேடியும் பஸ்கள் ஏறக்குறையக் காலியாகவே திரும்பின.

கொடுத்த விலை

1943 பிப்ரவரி 13-ஆம் தேதி மாலை த்ரோக்மேயைக் கைது செய்யப் போலீசார் வந்தார்கள். அவர் வெளியே போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்த போலீசாரையும் மக்டா சாப்பிட உட்காரச் சொன்னார். கணவனைக் கொண்டு போக வந்தவர்களுக்குச் சோறு போட்டது ஏன் என்று பிற்காலத்தில் கேட்டார்கள். சாப்பாட்டு நேரம், எல்லோரும் இருந்தார்கள், இதில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

செய்தி பரவி ஊரார் ஒவ்வொருவராக வந்தார்கள். ரேஷன் காலத்தில் பதுக்கி வைத்திருந்த மெழுகுவத்தி, மீன் டப்பா என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வந்தார்கள். மெழுகுவத்தி இருக்கிறது, தீப்பெட்டி இல்லையே என்றபோது, கைது செய்ய வந்த அதிகாரியே தம் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார் என்பார்கள்.

த்ரோக்மே, தெயிஸ், பள்ளித் தலைமை ஆசிரியர் தார்சிசாக் மூவரும் சுமார் ஒரு மாதம் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். தளபதி பெத்தேனின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை என்றார்கள். வீட்டில் நான்கு குழந்தைகள் காத்திருந்தும் த்ரோக்மே கையெழுத்திடவில்லை. தெயிசும் மறுத்தார். ஆனாலும் விரைவிலேயே மேலிடத்து உத்தரவின் பேரில் விடுதலை கிடைத்தது.

எல்லாக் கதவுகளும் காப்பாற்றவில்லை. 1943 ஜூன் 29-ஆம் தேதி ஜெர்மன் இரகசியப் போலீசார் மாணவர் இல்லம் ஒன்றுக்குள் புகுந்து 18 மாணவர்களைப் பிடித்தார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் பாதிரியாரின் உறவினரான தானியேல் த்ரோக்மே. அப்போது அவர் வேறு இடத்தில் இருந்தார், தப்பியிருக்கலாம். என் பையன்கள் அங்கே இருக்கிறார்கள் என்று தாமே போய்ச் சேர்ந்தார். 1944 ஏப்ரலில் போலந்தில் உள்ள மைதானெக் முகாமில் இறந்தார். ஊரின் டாக்டர் லெ ஃபோரஸ்தியே 1944 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

த்ரோக்மேயும் தலைமறைவாக வேண்டி வந்தது. பொய்ப் பெயரில் சீட்டு வைத்துக் கொள்வது அவருக்குப் பெரும் மன உறுத்தலாக இருந்தது. பிறனைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா என்ற கேள்வி அவரை விடவில்லை. எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவராக அவர் இருக்கவில்லை. கதவைத் திறப்பதா, மூடுவதா என்பதில் மட்டும் அவருக்கு ஐயம் இல்லை.

எத்தனை பேர்?

1940-க்கும் 1944-க்கும் இடையே அந்த மலைப் பகுதியில் சுமார் 5,000 பேர் அடைக்கலம் பெற்றார்கள் என்றும், அவர்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் யூதர்கள் என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. சிலர் இதைக் குறைத்தும் சொல்வார்கள். பட்டியல் எழுதினால் அது எமன் கையில் போகும் என்ற காலம் அது.

ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவு நிறுவனம், யூதர்களைக் காத்த பிற மதத்தவருக்கு வழங்கும் கௌரவத்தை 1971 ஜனவரியில் த்ரோக்மேக்கு அளித்தது. அதே ஆண்டு ஜூனில் அவர் காலமானார். மக்டாவுக்கும் அது பின்னர் வந்தது. 1990-இல் லெ ஷாம்போனுக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்தே கௌரவம் தரப்பட்டது. அது பொருத்தமான செயல். ஏனெனில் பாதிரியார் ஒருவரால் நடந்ததல்ல இது. கத்தோலிக்கர், வேறு சபையினர், கோயில் பக்கமே போகாதவர்கள், அடைக்கலம் தேடி வந்த யூதர்கள் எல்லோரும் இதில் கை கொடுத்தவர்களே.

பாதிரியார் விட்டுச் சென்ற பாடம்

த்ரோக்மேயின் பிரசங்கங்களில் நல்ல சமாரியன் கதைக்கு முக்கிய இடம் உண்டு. திருடர்கள் அடித்துப் போட்ட ஒருவன் வழியில் கிடக்கிறான். குருக்கள் ஒருவர் விலகிப் போகிறார். கோயில் ஊழியர் ஒருவரும் விலகிப் போகிறார். தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்ட சமாரியன்தான் நின்று தூக்குகிறான். எனக்குப் பிறன் யார் என்று ஒரு வக்கீல் கேட்டதற்கு விடையாக இயேசு சொன்ன கதை இது. ஆனால் கதை முடிந்ததும் அவர் கேள்வியையே மாற்றி விடுகிறார். உனக்கு அயலான் யார் என்பதல்ல, கிடந்தவனுக்கு அயலானாக நடந்து கொண்டவன் யார் என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி.

இந்த மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. அயலான் யார் என்று பட்டியல் போட ஆரம்பித்தால், யாரை விடலாம் என்பதில்தான் அது முடியும். மேயர் போட்டது அந்தப் பட்டியல். ஹிட்லர் போட்டதும் பட்டியல்தான். இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் முதல் பட்டியலுக்குப் பழகிய ஊர், இரண்டாவது பட்டியல் வரும்போது வாய் திறப்பதில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. நல்ல மனம் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. தனி ஒரு வீடு ஒருவனை ஒளித்து வைத்தால் ஒரு வாரம் தாங்கும்; ரொட்டி வாங்கும் அளவு கூடினாலே கடைக்காரருக்குத் தெரிந்து விடும். கடைக்காரரும், பள்ளி வாத்தியாரும், பண்ணைக்காரரும் ஒருவரையொருவர் நம்பினால்தான் நான்கு ஆண்டு தாங்கும். அந்த நம்பிக்கை ஆபத்து வந்த அன்று முளைத்ததல்ல. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் சிறு கூட்டங்களில் உட்கார்ந்து பேசிப் பழகியதில் விளைந்தது.

ரயிலிலிருந்து இறங்கி, துண்டுக் காகிதத்தில் எழுதிய விலாசத்தைக் கையில் வைத்துக் கொண்டு வழி கேட்டு வந்தவர்கள் இன்று பல நகரங்களில் சொந்த வீடும் ரேஷன் கார்டுமாக நிலைத்திருக்கிறார்கள். அதே ரயிலில் இன்றும் ஆட்கள் வந்து கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி வேறாக இருக்கலாம். கும்பிடும் சாமி வேறாக இருக்கலாம். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் இங்கே யாரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை. கருகிய ஒரு ஜோடிச் செருப்புக்குப் பதில் தேட வேண்டி வரலாம், அவ்வளவுதான்.